புறவாசலில் ஒரு புழுத் தொட்டி

புழு என்னும் சொல்லே நம்மவர்க்கு அருவருப்பானது. ஒருவரை ஏசவேண்டுமாயின் 'புழுத்துச் சாவாய்' என்று ஏசுவதும், இழிந்தவனைப் 'புழு பூச்சி' என்று தள்ளுவதும் நம் நாவில் ஊறிப்போன வழக்கங்கள். அரிசியில் ஒரு புழு நெளிந்தால் சுளகையே வாசலில் உதறிவிட்டு வரும் நம் இல்லத்தரசியரிடம், 'வீட்டிலேயே புழு வளருங்கள். அது உங்கள் பிள்ளைகளின் முட்டைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உதவும்' என்று சொன்னால் நகைப்பார்கள். 'சாமி, வந்த புழுவை விரட்டவே எங்களுக்கு வழி தெரியவில்லை. இல்லாத புழுவை வேறு வளர்க்கச் சொல்கிறீர்களே!' என்பார்கள். அவர்கள் நகைப்பதில் நியாயமுண்டு. எனினும் இக்கட்டுரையைப் பொறுமையுடன் படித்து முடித்தபின், நகைப்பதா, முயல்வதா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

விவிலியம் புழுவைப் பழித்து ஒதுக்கவில்லை. யோனா இறைவாக்கினருக்கு நிழல் தந்த செடியை அரித்துப் பாடம் புகட்ட இறைவன் ஏவியது ஒரு புழுவையே. நம் ஆண்டவரின் பாடுகளை முன்னறிவிப்பதாகத் திருச்சபை போற்றும் 22-ஆம் சங்கீதத்தில், துன்புறும் நீதிமான் தம்மைப் புழுவுக்கு ஒப்பிட்டுக்கொள்கிறார். திருமுழுக்கு அருளப்பர் பாலைநிலத்தில் வெட்டுக்கிளியும் காட்டுத் தேனும் உண்டு வாழ்ந்தார். வெட்டுக்கிளி உண்ணத் தகுந்தது என்று லேவியர் ஆகமமே இசைவு தருகிறது. அசிசி நகர்ப் புனித பிரான்சிசு, வழிப்போக்கர் காலடியில் நசுங்கிவிடக் கூடாதென்று பாதையில் கிடந்த புழுக்களை எடுத்து ஓரமாக விடுவாராம். அவர் பெயரையே தம் பெயராகத் தேர்ந்துகொண்ட திருத்தந்தை பிரான்சிசு, 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், பெரிய விலங்குகளும் பறவைகளும் மட்டுமன்றி, கண்ணுக்குத் தோன்றாத சிற்றுயிர்களும் புழுக்களும் பூச்சிகளும் இவ்வுலகின் நல்லியக்கத்துக்குத் தேவை என்பதை எடுத்துரைத்தார்.

ஆகவே புழுவைப் பற்றிப் பேசுவது ஒரு குடும்ப இதழின் மாண்புக்குக் குறைவன்று.

பத்தமடையின் புறவாசல்

தாமிரபரணியின் தென்கரையில், சேரன்மகாதேவிக்கு அருகே அமைந்த பத்தமடையை அறியாதார் இலர். சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் அது. அதனினும் மேலாகக் கோரைப் பாயால் பெயர் பெற்ற ஊர். ஆற்று நீரில் ஊறவைத்த கோரையைக் கீறி, மயிரிழைபோல் மெலிதாக்கி, பருத்தி நூலிலோ பட்டு நூலிலோ இழைகூட்டி நெய்யும் பட்டுப்பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. நெய்பவர்களுள் மிகப் பெரும்பாலோர் இசுலாமியக் குடும்பத்துப் பெண்மணிகள். பெருமை ஊருக்கு, கூலியோ மெலிவு. நுண்ணிய பாய் ஒன்றை முடிக்கப் பல வாரங்கள் குனிந்திருக்க வேண்டும். அதுவரை அடுப்பு எரியவேண்டுமன்றோ?

இந்த இடைவெளியை நம் தாய்மார்கள் நெடுங்காலமாக நிரப்பி வந்திருப்பது புறவாசலில் மேயும் நான்கைந்து நாட்டுக்கோழிகளைக் கொண்டே. கோழி ஏழை வீட்டுச் சிறுசேமிப்பு. பிள்ளைக்குக் காய்ச்சலா, ஒரு சேவல் விற்கப்படும். உறவினர் வருகிறாரா, அடுப்பில் குழம்பு மணக்கும். ஆனால் அடைவைத்துப் பொரித்த பத்துக் குஞ்சுகளுள் பஞ்சாரத்தை விட்டு வெளியேறி வளர்ந்து நிற்பவை எத்தனை? பருந்து கொண்டுபோனது சில. நோயில் மடிந்தவை சில. தொடக்க நாள்களில் போதிய சத்தின்றி மெலிந்து, மழைக்கும் குளிருக்கும் தாங்காது வீழ்ந்தவை சில.

குஞ்சுக்கு முதல் மாதத்தில் வேண்டுவது புரதச் சத்து. நாம் இறைப்பதோ நொய்யும் சோற்றுப் பருக்கையும். அதில் மாவுச்சத்து உண்டு, புரதம் குறைவு. தாய்க்கோழி இதனை அறியும். அதனாலன்றோ அது குப்பையைச் சீய்த்துச் சீய்த்துப் புழுவைக் காட்டி, 'கொக் கொக்' என்று குஞ்சுகளை அழைக்கிறது! ஆனால் இன்று புறவாசல்கள் சிமெண்டுத் தளமாகிவிட்டன, எருக்குழிகள் மறைந்துவிட்டன. சீய்ப்பதற்குக் குப்பையே இல்லாதபோது கோழி எங்கே போகும்? அது தேடிய புழுவை நாமே உண்டாக்கித் தரவேண்டியதாயிற்று.

கறையான் பானை

இது புதிய விந்தையன்று. நம் முன்னோர் கண்ட வழியொன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் இன்றும் வழங்குகிறது. கால்நடைத் துறையினரும் அதனைப் பரிந்துரைக்கின்றனர். விரிசல் விட்ட பழைய மண்பானை ஒன்றை எடுத்து, அதில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல், ஓலைத் துண்டு, மட்கிய மரச் சிராய் ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, கறையான் நடமாட்டமுள்ள நிலத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் நிமிர்த்தினால் பானைக்குள் கறையான் மொய்த்திருக்கும். அதனைக் குஞ்சுகளுக்கு முன்னே தட்டிவிட்டால் நொடியில் கொத்தித் தீர்த்துவிடும். ஒரு பானைக் கறையான் 30 முதல் 40 இளங்குஞ்சுகளுக்குப் போதும் என்பது வேளாண் வழிகாட்டிகள் கூறும் கணக்கு. செலவு ஒரு காசும் இல்லை.

ஆயினும் பத்தமடைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கறையானுக்குச் சாக்கு எப்படியோ, கோரையும் அப்படியே. கோரைக் கட்டு அடுக்கிய அறைக்கும் நெய்த பாய்க்கும் வீட்டு உத்தரத்துக்கும் அருகில் இந்தப் பானையை வைப்பது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வதாகும். தோட்டத்தின் கடைக்கோடியே அதற்கு இடம். மேலும், மழை கொட்டும் நாள்களில் பானையில் கறையான் ஏறுவது அரிது. நிலம் வறண்டு வெடிக்கும் நாள்களிலும் அரிது. ஆண்டு முழுதும் கைகொடுக்க வேறொன்று வேண்டும். அதுவே மாவுப்புழு.

மாவுப்புழு யாது?

பறவை விற்பவர்களும் வண்ண மீன் வளர்ப்போரும் இதனை 'மீல் வார்ம்' என்பர். அறிவியலார் 1758 முதல் வழங்கும் பெயர் 'டெனிப்ரியோ மோலிட்டர்'. இலத்தீன் பயின்றவர்க்கு அப்பெயரிலேயே அதன் வரலாறு விளங்கிவிடும். 'டெனிப்ரியோ' என்பது இருளை நாடுபவன். 'மோலிட்டர்' என்பது மாவு அரைப்பவன். ஐரோப்பிய மாவாலைகளின் இருண்ட மூலைகளில் தவிடு தின்று வாழ்ந்த இச்சிறு வண்டுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் ஏது?

உண்மையில் இது புழு அன்று. கருவண்டு ஒன்றின் இளம்பருவம். வண்டு இடும் முட்டை ஓரிரு வாரங்களில் பொரியும். வெளிவரும் புழு நூலிழை போன்றது. அது தவிட்டைத் தின்று, பன்முறை தோலுரித்து, தக்க வெப்பத்தில் எட்டு முதல் பத்து வாரங்களில் பொன்மஞ்சள் நிறத்தில் 2½ செண்டிமீட்டருக்கு மேல் நீளும். பின்னர் கூட்டுப்புழுவாகி ஓரிரு வாரம் உண்ணாது உறங்கும். இறுதியில் வண்டாகி இரண்டு மூன்று மாதம் வாழும். ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் 300-க்கும் மேற்பட்ட முட்டைகள் இடவல்லது.

உயிர்ப்புழுவில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். உலர்த்தி எடைபோட்டால் ஏறத்தாழப் பாதி புரதமே. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2013-இல் வெளியிட்ட அறிக்கையில், பெருகும் மக்கள்தொகைக்கும் கால்நடைகளுக்கும் பூச்சியினங்கள் உணவாகக் கூடும் என்று விரிவாக எடுத்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ஆம் ஆண்டு சூன் திங்களில் உலர்ந்த மாவுப்புழுவை மக்கள் உண்ணும் பொருளாகவே ஏற்றது. நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோழி உண்ணட்டும், கோழியின் முட்டையை நாம் உண்போம்.

நான்கு தொட்டிகள்

வளர்க்கும் முறை எளிது. சுவர் வழவழப்பான பிளாஸ்டிக் தொட்டிகள் நான்கு போதும். ஒரு சாண் ஆழம் இருந்தால் புழு ஏறி வெளிவராது. வண்டும் பெரும்பாலும் பறப்பதில்லை. மேலே காற்றோட்டமுள்ள வலைத்துணி கட்டுக. பல்லியும் எலியும் புகா. எறும்பு பெரும் பகை. தொட்டி வைத்த பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துக.

தீனி கோதுமைத் தவிடு. அரிசித் தவிடு நம்மூர் ஆலைகளில் மலிவாகக் கிடைக்குமெனினும், அதில் எண்ணெய் மிகுதியாதலால் விரைவில் காறிப்போகும். கலப்பதாயின் புதிதாக, சிறிதளவே கலக்க வேண்டும். எந்தத் தவிடாயினும் முதலில் ஒரு நாள் கடும் வெயிலில் மெல்லிதாகப் பரப்பிக் காயவைத்து ஆறவிடுக. ஏற்கெனவே அதிலுள்ள அந்தும் செள்ளும் அழியும். தொட்டியில் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தவிடு இருந்தால் போதும்.

முதல் தொட்டி வண்டுகளுக்கு. 100 வண்டுகளை விட்டு, அவை ஒளிந்துகொள்ள முட்டை அட்டைத் துண்டு ஒன்றை வைக்கவும். பத்து நாள்களுக்கு ஒருமுறை வண்டுகளைச் சலித்தெடுத்துப் புதுத் தவிட்டுக்கு மாற்றவும். பழைய தவிட்டில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் இருக்கும்; அதைக் கொட்டிவிடாமல் இரண்டாம் தொட்டியில் பொரிய விடவேண்டும். மூன்றாம் தொட்டி வளர்ந்த புழுக்களுக்கு. நான்காம் தொட்டி கூட்டுப்புழுக்களுக்கு. அவற்றைத் தனியே பிரிக்காவிடில், அசையமுடியாத அவற்றை வண்டும் புழுவும் கடித்துத் தின்றுவிடும். வளர்ந்த புழுக்கள் அனைத்தையும் கோழிக்குப் போட்டுவிடாமல், பத்தில் ஒரு பங்கையாவது வண்டாக விட்டுவைக்க வேண்டும். விதைநெல்லைக் குத்தித் தின்பவன் அடுத்த பூவுக்கு என் செய்வான்?

தண்ணீர் ஊற்றலாகாது. ஈரத்துக்குக் காரட், உருளைக்கிழங்கு, பூசணித் தோல் இவற்றுள் ஒன்றைத் துண்டாக்கி மேலே வைத்தால் அதை உறிஞ்சிக்கொள்ளும். பூஞ்சணம் பூக்குமுன் எடுத்துவிடுக. முறையாக வைத்த தொட்டியில் துர்நாற்றம் இராது. நாறினால் ஈரம் மிஞ்சிவிட்டது என்பதே பொருள். அடியில் மணல்போல் சேரும் எச்சத்தை நுண்சல்லடையில் சலித்தால் கத்தரிக்கும் முருங்கைக்கும் நல்ல உரம்.

வெயிலே பகைவன்

இப்புழு நன்கு வளர்வது 25 முதல் 28 பாகை வெப்பத்தில். நம் திருநெல்வேலிச் சீமையிலோ சித்திரை வைகாசியில் வெயில் 40 பாகையை நெருங்கும். 35 பாகைக்கு மேல் போனால் புழு வாடும், முட்டை பொரியாது. ஆகவே தகரக் கூரையின் கீழ் வைக்கவே கூடாது. ஓட்டு வீட்டின் இருண்ட, குளிர்ந்த தரையே ஏற்றது. தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு தொங்கவிடுவது பயன் தரும். ஆனால் சொட்டுநீர் தவிட்டில் விழலாகாது. புதிதாகத் தொடங்குவோர் கார்த்திகை, மார்கழி மாதங்களில் தொடங்குவதே அறிவுடைமை.

இன்னொன்று. இது தானியம் தின்னும் பூச்சி என்பதை மறத்தலாகாது. பிசானத்து நெல் நிறைந்த குலுக்கைக்கும் அரிசிப் பானைக்கும் அருகே தொட்டி இருக்கக் கூடாது. சலிக்கும்போது எழும் தூசி ஈளை நோயுள்ளவர்க்கும், இறால் உண்டால் உடல் தடிக்கும் இயல்புடையவர்க்கும் ஒவ்வாது. மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும், அல்லது வேறொருவர் சலிக்கட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பத்துக் குஞ்சுகள்; குஞ்சு ஒன்றுக்கு நாளொன்றுக்குப் பத்துப் புழுக்கள்; 30 நாள்கள். மொத்தம் 3,000 புழுக்கள். வளர்ந்த புழு ஒன்றின் எடை ஒரு கிராமில் பத்திலொரு பங்குக்குச் சற்று மிகுதி. ஆகவே நமக்கு வேண்டியது 300 முதல் 400 கிராம். ஒரு கிலோ புழு விளைய ஏறத்தாழ 2 கிலோ தவிடு செல்லும். சேதாரம் சேர்த்தாலும் ஓர் ஈட்டுக் குஞ்சுகளுக்கு ஒன்றிரண்டு கிலோ தவிட்டில் காரியம் முடிந்துவிடும். 100 வண்டுகளில் பாதி பெண்ணாயினும், இடும் முட்டைகளில் பெரும்பகுதி வீணாயினும், இத்தொகை எளிதில் கிட்டும். ஆனால் முட்டை முதல் முதிர்ந்த புழு வரை மூன்று மாதம் ஆகுமாதலால், அடைவைப்பதற்கு இரண்டரை மாதம் முன்பே தொட்டியைத் தொடங்கிவிட வேண்டும்.

புழு முழு உணவாகாது. நொய்யும் கீரையும் தானியமும் வழக்கம்போல் வேண்டும். புழுவில் சுண்ணாம்புச் சத்து குறைவு. பொடித்த கிளிஞ்சலோ முட்டை ஓடோ சேர்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்துணைப் புழு ஊட்டினாலும் வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்தால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலியாகிவிடும். அரசு கால்நடை மருந்தகத்தில் உரிய காலத்தில் தடுப்பு மருந்து இடுவதே முதற்கடமை. புழு அதற்கு அடுத்ததே. ஐயமுள்ளோர் இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியாரை அணுகிக் கேட்கலாம்.

கன்னிவாடி கற்பித்தது

'இதெல்லாம் படித்தவர் செய்யும் வேலை' என்று தயங்குவோர் திண்டுக்கல் மாவட்டத்துக் கன்னிவாடிப் பகுதியை நோக்குக. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் சிற்றூர் மகளிர் குழுவினர் பூச்சி வளர்ப்பையே தொழிலாக மேற்கொண்டனர். நொறுக்கிய கம்பில் அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, 'டிரைக்கோகிரம்மா' என்னும் மிகச் சிறிய குளவியை அவற்றின்மேல் விடுவர். குளவி தன் முட்டையை அந்தின் முட்டைக்குள் இட்டுவிடும். அந்த அட்டையைத் துண்டாக்கி வயலில் கட்டினால், வெளிவரும் குளவிகள் பயிர்ப்பூச்சிகளின் முட்டைகளைத் தேடி அழிக்கும். ஒரு கன செண்டிமீட்டர் அளவுள்ள அந்து முட்டையில் ஏறத்தாழ 16,000 முட்டைகள்! இத்துணை நுண்ணிய வேலையைக் கூலிக்காரப் பெண்கள் கற்றுத் தேர்ந்தனர். மயிரிழைக் கோரையை எண்ணி எண்ணி நெய்யும் பத்தமடைப் பெண்ணின் விரல்களுக்கும் கண்களுக்கும் நான்கு தொட்டி பெரிதா?

ஈமு கற்பித்தது

மற்றொரு பாடமும் உண்டு; அது கசப்பானது. ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கத்தில், ஈமுக் கோழி வளர்த்தால் மாதந்தோறும் பணம் தருவோம், வளர்ந்ததை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்ற வாக்குறுதியை நம்பி, நிலத்தை ஈடுவைத்தும் நகையை விற்றும் ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டினர். 2012-இல் அம்மாளிகை சரிந்தது. வாங்குவாரும் இல்லை, தீனி போடுவாரும் இல்லை. பட்டினியால் வாடிய பறவைகளுக்கு அரசே தீனி அளிக்க நேர்ந்தது. கட்டிய பணத்துக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினர்.

ஆகவே குடும்பத் தலைவர்களே, நாளை எவரேனும் உங்கள் வாசலுக்கு வந்து, 'மாவுப்புழுப் பெட்டி ஒன்றுக்கு இத்தனை ஆயிரம் கட்டுங்கள். விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்பாராயின், வாசலிலேயே நிறுத்தி வைத்து அனுப்பிவிடுங்கள். வட்டிக்கு வாங்கிப் புழு வளர்க்காதீர்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் புழு வளர்க்காதீர்கள். சந்தையை நம்பித் தொடங்குபவன் சந்தை சாய்ந்தால் தானும் சாய்வான். தன் வீட்டுப் பத்துக் குஞ்சுகளுக்கென்று தொடங்குபவனுக்கு இழப்பென்று ஒன்றுமில்லை. தோற்றால் போனது இரண்டு கிலோ தவிடு. மிஞ்சியதை அண்டை வீட்டாருக்கோ, பறவை வளர்ப்போருக்கோ விற்க முடிந்தால் அது மேலதிக வரவு.

சிறியவற்றில் நம்பிக்கை

சிறியவற்றில் நம்பிக்கைக்குரியவராய் நடந்தவரிடமே பெரியவற்றை ஒப்படைக்கும் தலைவரை நம் ஆண்டவர் உவமையில் காட்டுகிறார். ஒரு பிடித் தவிடு, ஒரு துண்டு பூசணித் தோல், ஓர் இருண்ட மூலை ஆகியன நம் வீட்டில் எதற்கும் உதவாதவை. அவற்றைக் கொண்டே இறைவன் புழுவை உண்டாக்குகிறார். புழுவிலிருந்து குஞ்சு, குஞ்சிலிருந்து முட்டை, முட்டையிலிருந்து ஒரு பிள்ளையின் உடல்வலிமை. இச்சங்கிலியில் நாம் இழிவாகக் கருதிய கண்ணியே ஏனையவற்றைத் தாங்குகிறது.

வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்னும் நால்வகை மாற்றத்தைப் பாடநூலில் மனப்பாடம் செய்வதைவிட ஒரு தொட்டியில் கண்ணால் காண்பது மேல். உண்ணாது, அசையாது, மடிந்ததுபோல் கிடந்த கூடு ஒருநாள் வெடித்து, வெண்ணிற வண்டு வெளிவந்து மெல்லக் கருமையடைவதைக் கண்ட குழந்தைக்கு உயிர்ப்பு ஞாயிற்றின் மறையுரை பாதி விளங்கிவிடும்.

பாயும் நெய்வோம், கோழியும் வளர்ப்போம். அண்டையில் வாழும் இசுலாமிய, இந்துச் சகோதரியருக்கும் பத்து வண்டுகளைக் கொடுத்து முறையைச் சொல்லித் தருவோம். அறிந்த ஒன்றை அடுத்த வீட்டாருக்கு மறைக்காமல் சொல்வதும் அறச்செயலே.